மினரல் நமக்கு இல்லை, சரி. அடியில் இருக்கும் இடம் யாருடையது?

வடக்கு டெக்சாஸில் கூட்டாக நிலம் வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று டாலஸைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு எல்.எல்.சி. ஆரம்பித்து, ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஐம்பதோ நூறோ ஏக்கர் வாங்கிப் போடுவது இப்போது புதிதில்லை. பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்ப்போம். "ஊரு இந்தப் பக்கம்தான் வளருது" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வோம். விவசாய நிலக் கணக்கில் வரி குறைய வேண்டுமே என்று, இருபது ஏக்கருக்குள் என்றால் தேனீப் பெட்டி வைப்போம், அதற்கு மேல் என்றால் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வைக்கோல் அறுக்க விடுவோம். திரும்பும் வழியில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பொங்கல் வரை நிலத்தை மறந்துவிடுவோம்.

இந்த மடல் அந்த மறதியைப் பற்றியது. இரண்டு மாதத்துக்குள் மூன்று குழுக்களிலிருந்து என்னிடம் ஒரே கேள்வி வந்துவிட்டது. "நம்ம நிலத்துல கேஸ் கம்பெனிக்கு பழைய லீஸ் இருக்கு. இப்போ உப்புத்தண்ணி இறக்குற கிணறு போடணும்னு லேண்ட்மேன், அதான் கம்பெனிக்காகக் கையெழுத்து வாங்க வர்ற ஆள், பேப்பர் கொண்டுவந்திருக்கான். ஒரே தடவையா கொஞ்சம் பணம் தர்றானாம். மினரல், அதாவது அடியில இருக்கிற எண்ணெய்-கேஸ் உரிமை, நம்ம பேர்ல இல்லையே, வர்றது லாபம்தானே, கையெழுத்துப் போட்டுடலாமா?"

போடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பொறியியல் படித்து மென்பொருள் வேலை பார்க்கிறவன். இதே பள்ளத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தவன் என்பது மட்டும்தான் என் தகுதி.

எங்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-இல் ஆறு குடும்பங்கள் சேர்ந்து டிகேட்டர் பக்கம் 84 ஏக்கர் வாங்கினோம். விற்றவர் மினரலைத் தன் குடும்பத்துக்கே வைத்துக்கொண்டார். பத்திரத்தில் அது தெளிவாகவே இருந்தது, நாங்களும் தெரிந்துதான் வாங்கினோம். நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஜல்லி கொட்டிய ஒரு பேட் (கிணற்று மேடை), அதில் பார்னெட் ஷேல் என்ற கேஸ் பாறை அடுக்கைத் துளைத்த இரண்டு கேஸ் கிணறுகள், பச்சை பெயின்ட் அடித்த இரண்டு தொட்டிகள். 2005-இல் போட்ட லீஸ். மாதம் ஒருமுறை ஒரு பிக்அப் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகும். அவ்வளவுதான்.

2018-இன் கடைசியில் அதே பேட்டில் மூன்றாவதாக ஒரு கிணறு வந்தது. கேஸ் கிணறுதான் இன்னொன்று போடுகிறார்கள் என்று நினைத்தோம். மினரல் அவர்களுடையது, தோண்டிக்கொள்ளட்டும், நாம் என்ன கேட்பது? அந்தச் சமயத்தில்தான் லேண்ட்மேன் வந்தார். மரியாதையான மனிதர். எங்கள் குழுவின் மேனேஜர் வீட்டில் காபி குடித்தார், குழந்தைகளுக்கு என்ன வயது என்று விசாரித்தார், இரண்டு பக்கத் தாளை நீட்டினார். மேல்மண் சேதத்துக்கு 7,500 டாலர். தாளின் நடுவில் ஒரு வரி: "மேற்படி நிலத்திலிருந்தோ வேறு நிலங்களிலிருந்தோ" வரும் நீரை இறக்கலாம். மேனேஜர் நல்லவேளையாக, "மற்ற ஐந்து பேரையும் கேட்டுச் சொல்கிறேன்" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அது குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டிலேயே கிடந்தது. சோம்பல் எங்களைக் காப்பாற்றிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

வைக்கோல் அறுக்கிற பண்ணைக்காரர் காட்டுப் பன்றி நடமாட்டம் பார்ப்பதற்காக வேலியில் ஒரு கேமரா கட்டி வைத்திருந்தார். ஒருநாள் அவரே கூப்பிட்டு, "பன்றியை விட உங்கள் லாரிகள்தான் அதிகம் பதிவாகின்றன" என்றார். எண்ணிப் பார்த்தோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 வேக்கம் டிரக் (தண்ணீரை உறிஞ்சி ஏற்றும் டாங்கர் லாரி). நள்ளிரவு இரண்டு மணிக்கும் வருகின்றன. நிரம்பி வருகின்றன, காலியாகப் போகின்றன. உள்ளே வருகிற லாரியின் பின்டயர்கள் ஜல்லியில் அழுந்திய தடம் ஆழமாக இருக்கும். வெளியே போகிற தடம் அவ்வளவு ஆழமாக இருக்காது. கேமரா இல்லாமலே அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் நாங்கள் பொங்கலுக்குப் பொங்கல் போகிறவர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு வேக்கம் டிரக் சுமார் 130 பீப்பாய் கொள்ளும். பீப்பாய் என்றால் 42 கேலன், ஏறத்தாழ 159 லிட்டர். 40 லாரிக்கு 5,200 பீப்பாய். லிட்டரில் 8 லட்சத்துக்கும் மேல். சென்னையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 70 லாரி. இது ஒரு நாளைக்கு. எங்கள் பேட்டில் இருந்த இரண்டு கிழட்டுக் கேஸ் கிணறுகளும் சேர்ந்து விடும் தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லாரிகூட வராது. மிச்சமெல்லாம் யார் வீட்டுத் தண்ணீர்?

இந்தத் தண்ணீர் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெயோ கேஸோ வரும்போது கூடவே பூமியின் அடியிலிருந்து பழங்கால உப்புநீரும் வரும். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. அதில் எண்ணெய்ப் பிசுக்கு, உலோகங்கள், சில இடங்களில் லேசான கதிரியக்கமும் உண்டு. மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று நான்கு பீப்பாய் தண்ணீர் வருவது சாதாரணம். அங்கே மட்டும் ஒரு நாளைக்கு 2 கோடி பீப்பாய்க்கு மேல் இந்தத் தண்ணீர் வெளிவருகிறது. ஆற்றில் விட முடியாது, வயலில் விட்டால் புல்கூட முளைக்காது. ஆகவே பெரும்பகுதியை மறுபடியும் பூமிக்குள்ளேயே தள்ளுகிறார்கள். நம் பக்கம் பார்னெட்டுக்குக் கீழே எல்லன்பர்கர் என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கு இருக்கிறது. அதில் நிறைய இண்டு இடுக்கு. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நம் நிலங்கள் மேல் அவர்களுக்கு இவ்வளவு பிரியம்.

இங்கேதான் நம்மவர்களின் தலையில் ஒரு பழைய எண்ணம் வந்து குறுக்கே நிற்கிறது. ஊரில் பட்டா நம் பெயரில் இருந்தாலும் அடியில் எண்ணெய் கிடைத்தால் நமக்குப் பங்கு கிடையாது. கீழே இருப்பது எதுவானாலும் நம்முடையது இல்லை என்று பழகிவிட்டோம். இங்கே வந்து "மினரல் தனி, சர்ஃபேஸ் தனி" என்று ஒரு ஏஜென்ட் சொன்னதும், சரிதான், நமக்கு மேல்மண் மட்டும், கீழே எல்லாம் அவர்களுக்கு என்று எடுத்துக்கொள்கிறோம்.

டெக்சாஸ் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மினரல் வைத்திருப்பவருக்கு எண்ணெய், கேஸ் சொந்தம். அதை எடுப்பதற்கு வேண்டிய அளவுக்கு நம் நிலத்தைப் பயன்படுத்தவும் உரிமை உண்டு. நம்மைக் கேட்க வேண்டியதில்லை, பணம் தரவும் வேண்டியதில்லை. ஓக்லஹோமாவிலும் வடக்கு டகோட்டாவிலும் மேல்நிலச் சேதத்துக்கு இழப்பீடு தந்தாக வேண்டும் என்று தனிச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. இதுவரை அவர்கள் பக்கம்தான்.

ஆனால் அந்த உரிமைக்கு ஒரு வேலி உண்டு. இந்த நிலத்தின் மினரலை எடுக்க எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான். பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு உதவ உங்கள் நிலத்தைப் பயன்படுத்த லீஸ் அனுமதிக்காது. 1973-இல் ராபின்சன் எதிர் ராபின்ஸ் பெட்ரோலியம் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இதை உடைத்துச் சொன்னது. அங்கே கதை தலைகீழ்: மேல்நில உரிமையாளரின் நிலத்தடி உப்புநீரை எடுத்து, வேறு நிலங்களில் எண்ணெயை உந்தித் தள்ளப் பயன்படுத்தினார்கள். அந்த உப்புநீர் மேல்நில உரிமையாளரின் சொத்து, வெளி நிலங்களுக்காகப் பயன்படுத்திய அளவுக்கு அவருக்குப் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பு. எடுப்பதற்கு எது பொருந்துமோ, அதே தர்க்கம்தான் இறக்குவதற்கும். உங்கள் நிலத்துக் கிணற்றில் வந்த தண்ணீரை உங்கள் நிலத்திலேயே இறக்கினால் அது லீஸின் பகுதி, இலவசம். வெளியிலிருந்து ஒரு லாரித் தண்ணீர் வந்தாலும் உங்கள் சம்மதம் வேண்டும். சம்மதத்துக்கு விலை உண்டு.

சம்மதம் ஏன் நம்முடையது, மினரல்காரருடையது இல்லையா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் விடாமல் கேட்டார். நியாயமான கேள்வி. பாறைக்குள் இருக்கும் எண்ணெயும் கேஸும் மினரல்காரருடையவை. அந்தப் பாறையும், அதன் நுண்ணிய துளைகளில் இருக்கும் இடமும் மேல்நிலக்காரருடையவை. அந்த இடத்துக்கு "போர் ஸ்பேஸ்" என்று பெயர். வீட்டைப் பூட்டுச் சாவியோடு வாடகைக்கு விட்டதாக நினைக்காதீர்கள். மாங்காய் பறிக்கக் குத்தகை விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மாங்காயைக் கூடையில் அள்ளும்போது விழும் சருகைத் தோப்பிலேயே போட்டுவிட்டுப் போகலாம். ஊரார் தோப்புச் சருகையெல்லாம் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்ட முடியாது.

2025-இல் இதைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மே மாதம் மையர்ஸ்-வுட்வர்ட் வழக்கில், உப்பை எடுத்தபின் பூமிக்கடியில் உண்டாகும் வெற்றிடம் மேல்நில உரிமையாளருக்கே சொந்தம், உப்பை எடுக்கும் உரிமை பெற்றவருக்கு அல்ல என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. நமக்கு நல்ல செய்தி. ஜூன் மாதம் கேக்டஸ் வாட்டர் எதிர் சி.ஓ.ஜி. வழக்கில், எண்ணெயோடு கூட வரும் கழிவுநீர், லீஸில் வேறு மாதிரி எழுதி வைக்காதவரை, எண்ணெய் எடுக்கும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து விற்றால் நமக்கும் பங்கு வரும் என்று ரீவ்ஸ் கவுண்டிப் பக்கம் கனவு கண்டுகொண்டிருந்த மேல்நிலக்காரர்களுக்கு அது அடி. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இப்படி வரும்: தண்ணீர் அவர்களுடையது, அதை வைக்கும் இடம் நம்முடையது. எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. குப்பைக்குச் சொந்தம் கொண்டாடுவதைவிடக் குப்பைக் கிடங்குக்குச் சொந்தக்காரராக இருப்பது மேல்.

வடக்கு டகோட்டாவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். துளை இடம் மேல்நிலக்காரருடையது என்று அந்த மாநிலம் 2009-இலேயே சட்டம் போட்டுவிட்டது. பிறகு எண்ணெய்த் துறையின் அழுத்தத்தில் 2019-இல், கழிவுநீர் இறக்கியதற்கு நிலக்காரர் இழப்பீடு கேட்க முடியாது என்று இன்னொரு சட்டம் வந்தது. நில உரிமையாளர்கள் சங்கம் சேர்ந்து வழக்குப் போட்டது. தனியார் சொத்தை இழப்பீடு இல்லாமல் பறிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகளை அடித்து வீழ்த்தியது. அவர்கள் யாரும் பெரிய பணக்காரர்கள் இல்லை, கோதுமை போடுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள். சேர்ந்து நின்றார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இனி அனுமதி விவகாரம். டெக்சாஸில் இந்த இறக்கும் கிணறுகளுக்கு அனுமதி தருவது ரயில்ரோடு கமிஷன். ரயிலுக்கும் அதற்கும் 2005-க்குப் பிறகு ஒரு சம்பந்தமும் இல்லை, பெயரை மட்டும் மாற்றவில்லை. மத்திய அரசின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவை இரண்டாம் வகுப்புக் கிணறுகள். டெக்சாஸில் 1982 முதல் அந்தப் பொறுப்பு கமிஷனிடம் இருக்கிறது. எண்ணெய் எடுக்காத பாறையில் இறக்க டபிள்யூ-14 என்ற படிவம், எண்ணெய் தரும் பாறையில் இறக்க எச்-1. மனு போடும்போது மேல்நில உரிமையாளருக்குத் தபாலில் தகவல் தர வேண்டும், பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டும். வெளியாருக்குக் கட்டணத்துக்கு இறக்கிக் கொடுக்கும் வணிகக் கிணறு என்றால் ஒட்டியுள்ள நிலக்காரர்களுக்கும் தகவல் போக வேண்டும். ஆட்சேபம் சொல்ல 15 நாள். ஆட்சேபம் வந்தால் மனு அப்படியே நழுவிப் போய்விடாது, விசாரணைக்குப் போகும்.

எங்களுக்கு அந்தத் தபால் வந்திருக்கிறது! எங்கே வந்தது தெரியுமா? எல்.எல்.சி. பதிவு செய்தபோது கொடுத்த முகவரிக்கு. அது எங்கள் ஆறு பேரில் ஒருவர் 2016-இல் குடியிருந்த அபார்ட்மென்ட். அவர் 2017-இல் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டார். வரி ரசீது ஆன்லைனில் வந்துவிடுவதால் முகவரி மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. 15 நாள் யாருக்கும் தெரியாமல் கழிந்தது, அனுமதி கிடைத்துவிட்டது. இதில் கம்பெனியின் மேல் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கமிஷன் தரும் அனுமதி, பாறை தாங்குமா, குடிநீர் அடுக்குக்குப் பாதுகாப்பா என்பதைப் பார்த்துத் தருவது. உங்கள் சொத்துரிமையை அது யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. "பெர்மிட் வாங்கியாச்சு சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால் லிபர்ட்டி கவுண்டி நெல்வயல் வழக்கைச் சொல்லுங்கள். ஆம், டெக்சாஸில் நெல்வயல். பக்கத்து நிலத்தில் ஒரு நிறுவனம் ஆழ்கிணற்றில் இறக்கிய தொழிற்சாலைக் கழிவுநீர் தங்கள் வயலுக்கு அடியிலும் பரவிவிட்டது என்று நிலக்காரர் தரப்பு வழக்குப் போட்டது. 2011-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், அரசு அனுமதி இருப்பதாலேயே வழக்கிலிருந்து தப்ப முடியாது என்றது. அதே வழக்கு மறுபடி 2015-இல் வந்தபோது, சம்மதம் இல்லை என்பதை நிரூபிக்க வேண்டிய பாரம் நிலக்காரர் மேல்தான் என்றது. நிலத்தடியில் பரவுவது அத்துமீறலா என்ற பெரிய கேள்விக்குப் பதிலே சொல்லாமல் விட்டுவிட்டது. நெல் போட்டவர்கள் தோற்றார்கள். ஆகவே அந்த 2011 தீர்ப்பு நமக்கு உதவும், 2015 தீர்ப்பு எச்சரிக்கும்: "நாங்கள் சம்மதிக்கவில்லை" என்பதை எழுத்தில், தேதியோடு, பதிவுத் தபாலில் அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

சரி, ஆதாரத்துக்கு எங்கே போவது? பன்றிக் கேமரா எல்லோருக்கும் வாய்க்காது. தேவையும் இல்லை. ஒவ்வொரு இறக்கும் கிணற்றுக்கும் ஆபரேட்டர் (கிணற்றை நடத்தும் கம்பெனி) ஆண்டுக்கு ஒருமுறை எச்-10 என்ற அறிக்கை தர வேண்டும். மாதம் மாதம் எத்தனை பீப்பாய் இறக்கினார்கள், எவ்வளவு அழுத்தத்தில் என்று அதில் இருக்கும். கமிஷனின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். டபிள்யூ-14 மனுவின் நகலும் கிடைக்கும். அதில் வேறு லீஸ்களிலிருந்து தண்ணீர் வருமா, வணிகக் கிணறா என்ற கேள்விகளுக்கு அவர்களே எழுதிய பதில் இருக்கும். எங்கள் வழக்கறிஞர் முதலில் எடுத்தது இந்த இரண்டு தாள்களைத்தான். கேஸ் கிணறுகளின் உற்பத்திக் கணக்கையும் எச்-10-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. "வெளித் தண்ணீர்" என்றால் உங்கள் வேலிக்கு வெளியே என்று அர்த்தமில்லை. பார்னெட்டில் பெரும்பாலான லீஸ்கள் பக்கத்து நிலங்களோடு சேர்த்து ஒரே யூனிட்டாகப் பூல் செய்யப்பட்டவை. 2014-இல் கீ ஆபரேட்டிங் எதிர் ஹேகர் வழக்கில், பூல் செய்த யூனிட்டின் எந்த மூலையில் உற்பத்தி நடந்தாலும் அது உங்கள் நிலத்திலிருந்தும் வருவதாகவே கருதப்படும் என்று ஒரு சாலை விஷயத்தில் தீர்ப்பானது. தண்ணீருக்கும் அதையே சொல்வார்கள். ஆகவே முதலில் யூனிட் வரைபடத்தை எடுங்கள். அப்புறம் மூல லீஸை எடுங்கள். சுருக்கம் போதாது, கவுண்டி கிளார்க் ஆபீஸில் பதிவான முழு நகல் வேண்டும். நிலமும் மினரலும் ஒரே கையில் இருந்த காலத்தில் பழைய சொந்தக்காரர் வெளித் தண்ணீருக்கும் சேர்த்தே அனுமதி எழுதிக் கொடுத்திருந்தால், நான் மேலே எழுதியதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படி ஒரு குழுவையும் பார்த்தேன். மனசு கஷ்டமாக இருந்தது.

எவ்வளவு கேட்பது? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பீப்பாய்க்கு இத்தனை சென்ட் என்று கேளுங்கள், மொத்தத் தொகை பேசாதீர்கள். இடத்துக்கு இடம் விலை மாறும், பக்கத்தில் வேறு கிணறு இருக்கிறதா, குழாயா லாரியா என்பதைப் பொறுத்தது. எங்கள் கணக்கையே உதாரணமாகப் போடுகிறேன். பீப்பாய்க்கு 6 சென்ட் என்றால் 5,200 பீப்பாய்க்கு ஒரு நாளைக்கு 312 டாலர். லேண்ட்மேன் நீட்டிய 7,500 டாலரை 25 நாளில் தாண்டிவிடும். ஆண்டு முழுக்க ஓடினால் 1,13,880 டாலர். 7,500 டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இருபது முப்பது வருஷத்துக்கு அதுதான்.

சென்ட் மட்டும் பேசி விட்டுவிடவும் கூடாது. ஓடாத மாதத்துக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை வேண்டும். இல்லாவிட்டால் எதிர்காலத்துக்கு வேண்டும் என்று இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். எந்தப் பாறை அடுக்கில் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். மீட்டர் கணக்கைச் சோதிக்கும் உரிமை வேண்டும். இன்னொரு விஷயம் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்: ஸ்கிம் ஆயில். லாரியில் வரும் தண்ணீரைத் தொட்டியில் நிற்க விட்டால் மேலே எண்ணெய் ஆடையாகப் படியும், பாலில் ஏடு படிவது போல. அதை வழித்து விற்பார்கள். ஒரு லாரியில் கொஞ்சம்தான், ஆனால் நாளைக்கு நாற்பது லாரி. அதிலும் பங்கு உண்டு என்று எழுதி வாங்கலாம். எங்களுக்கு இது தெரியவந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அந்தப் பச்சைத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏடுதான் ஞாபகம் வருகிறது.

மூடும் செலவு அடுத்தது. பத்துக் கிணறுகளுக்குள் வைத்திருக்கும் ஒரு சின்ன ஆபரேட்டர் கமிஷனிடம் கட்ட வேண்டிய பிணைத்தொகை மொத்தமாகவே 25,000 டாலர்தான். ஆழமான ஒரு கிணற்றை முறையாக சிமென்ட் போட்டு மூட அது போதாமல் போகலாம். கம்பெனி திவாலானால் கிணறு அனாதை. டெக்சாஸில் ஆயிரக்கணக்கான அனாதைக் கிணறுகள் வரிசையில் நிற்கின்றன. 2024 அக்டோபரில் ரீவ்ஸ் கவுண்டியில் டோயா பக்கம் ஒரு பழைய கிணறு பீறிட்டு, உப்புநீர் வானத்துக்கு எழும்பியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்கள் கிணற்றுக்கென்று தனிப் பிணை கேளுங்கள். கிணறு இருக்கும் துண்டு நிலத்துக்கு விவசாய வரிச் சலுகை போனால், பழைய மூன்று வருஷ வித்தியாசத்தையும் சேர்த்து யார் கட்டுவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். மறைக்க வேண்டியதில்லை. 2008-இல் டாலஸ் விமான நிலையத்தருகே, 2013-14-இல் ஆசில் பக்கம் என்று வந்த சின்னச் சின்ன அதிர்வுகளை ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கிணறுகளோடு தொடர்புபடுத்தினார்கள். 2022 நவம்பரில் மேற்கு டெக்சாஸில் 5.4 அளவில் ஒன்று வந்தது. சில பகுதிகளில் ஆழக் கிணறுகளை நிறுத்தும்படி கமிஷனே உத்தரவிட்டிருக்கிறது. பணம் வந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. சில குழுக்கள் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம், அதுவும் சரியான முடிவுதான். வெளித் தண்ணீருக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமையும் உங்களுடையதுதான்.

எங்கள் விவகாரம் வழக்குக்குப் போகாமலே 2021-இல் முடிந்தது. இனிமேல் பீப்பாய்க்கு இவ்வளவு என்று ஒப்பந்தம், பழைய நாட்களுக்கு ஒரு தொகை. எவ்வளவு என்று வெளியில் சொல்லக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பழைய நாட்கள் முழுவதுக்கும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். நிலத்தில் அத்துமீறியதற்கு டெக்சாஸில் வழக்குப் போட இரண்டு வருஷம்தான் அவகாசம். நாங்கள் தாளைக் குளிர்சாதனப் பெட்டி மேல் போட்டுவிட்டு இருந்த மாதங்களும், பன்றிக் கேமராவைப் பார்த்தபின் "அடுத்த மீட்டிங்ல பேசலாம்" என்று தள்ளிய மாதங்களும் அந்தக் கணக்கில் கழிந்துபோயின.

குழு மேனேஜர்களாக இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கம்பெனியிடமிருந்து எந்தத் தாள் வந்தாலும் அன்றே போட்டோ எடுத்து எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். "நானே பார்த்துக்கிறேன், எல்லோரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்ற நல்லெண்ணம்தான் இதில் அதிகம் பணம் தின்கிறது. பக்கத்து நிலமும் நம்மவர் குழுவுடையது என்றால் அவர்களோடும் பேசிவிடுங்கள். லேண்ட்மேன் இரண்டு வீட்டிலும் காபி குடித்திருப்பார், இரண்டு வீட்டிலும் வேறு வேறு தொகை சொல்லியிருப்பார்.

மூல லீஸும் யூனிட் வரைபடமும் எடுத்து வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால், எச்-10 எங்கே தேடுவது என்று உட்கார்ந்து காட்டித் தருகிறேன். அதற்கு முன், இன்று ராத்திரியே, உங்கள் எல்.எல்.சி.யின் பதிவு முகவரியையும், கவுண்டி மதிப்பீட்டு ஆபீஸில் உங்கள் நிலத்துக்கு எதிரே இருக்கும் தபால் முகவரியையும் திறந்து பாருங்கள். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்?

அன்புடன்,
84 ஏக்கரில் ஆறில் ஒரு பங்குக்காரன்